அக்காரக்கிழங்கு

அக்டோபர் 14

தோட்டக்கலை அலுவலகத்தில் கொடுத்த பயிர்க் குறிப்பேடு இது. விதைத்த தேதி, தண்ணீர், உரம், மருந்து எல்லாவற்றையும் தவறாமல் எழுதச் சொல்லியிருக்கிறார்கள். இன்று முக்கால் ஏக்கரில் பீட்ரூட் விதைத்தோம். விதை என் அண்ணன் நாச்சிமுத்துவின் கடையில் வாங்கியது. எங்கள் மகளிர் குழுவில் என்னோடு சேர்த்துப் பன்னிரண்டு பேரும் இதே விதைதான். புது ரகம், கிழங்கு பெரிதாக விழும் என்று அண்ணன் சொன்னார். குழுத் தலைவி நான் என்பதால், அதை எல்லோரிடமும் நானே எடுத்துச் சொன்னேன்.

எங்கள் குழுவின் பாப்பாத்தி அக்கா குத்தகை நிலத்தில் ஒன்றரை ஏக்கர் போட்டிருக்கிறார். விதைத்து முடித்ததும் காலிப் பாக்கெட்டை ஒரு குச்சியில் செருகி வரப்போரம் நட்டுவைத்தார். எந்த வயலில் எந்த ரகம் என்பது மறந்துவிடாமல் இருக்க அவர் எப்போதும் அப்படித்தான் செய்வார்.

அக்டோபர் 22

முளைப்பு நன்றாக இருக்கிறது. இரண்டு நாள் மழை. மாட்டுக்கு வயிற்றுப்போக்கு.

நவம்பர் 3

நெருக்கமான நாற்றுகளைப் பிடுங்கிக் கலைத்துவிட்டோம். காலை ஏழு மணிக்குக் குனிந்தவள் பதினொன்றுக்குத்தான் நிமிர்ந்தேன். ஒன்று மட்டும் உறுத்தியது. பீட்ரூட் நாற்றுக்குத் தண்டு சிவந்திருக்க வேண்டும். பிடுங்கும்போது விரல் நுனியில் சாயம் ஒட்டும். இன்று என் விரலில் மண்தான் இருந்தது. தண்டெல்லாம் வெளிறிய பச்சை.

மதியம் பஸ் ஏறி அண்ணன் கடைக்குப் போய்ச் சொன்னேன். "நாப்பது நாள் ஆகட்டும் அம்மிணி. பனி எறங்குனா நெறம் தானா ஏறும்" என்றார். என் முகத்தைப் பார்க்காமல் அலமாரியில் மருந்துப் புட்டிகளை அடுக்கிக்கொண்டே சொன்னார். பாவம், கடையில் கூட்டம்.

நவம்பர் 9

அம்மாவைப் பார்க்கப் போயிருந்தேன். அம்மா அண்ணனோடுதான் இருக்கிறார். அண்ணன் தோட்டத்திலும் பீட்ரூட் போட்டிருக்கிறார்கள். தண்டு, நரம்பு எல்லாம் நல்ல சிவப்பு. இது வேறு கம்பெனி விதையாம், போன வருடத்து மிச்சம் கடையில் கிடந்ததாம். கிடந்த விதையை வீணாக்க மனம் வந்திருக்காது. அவர் சிறு வயதிலிருந்தே சிக்கனக்காரர்.

நவம்பர் 15

தண்ணீர் விட்டோம். நிறம் ஏறவில்லை.

நவம்பர் 24

நாற்பத்தொன்றாம் நாள். ஒரு செடியைப் பிடுங்கிப் பார்த்தேன். பம்பரம் போல அடி கூர்த்து, முள்ளங்கியைப் போல வெளுத்திருந்தது கிழங்கு. அரிவாளால் வகுந்தேன். உள்ளேயும் வெள்ளைதான். கடித்தால் தித்திப்பு.

வீட்டுக்காரர் மில்லில் ஷிப்ட் முடிந்து வந்து அந்தப் பாதியைக் கையில் வைத்துப் பார்த்தார். "வாணி, இது பீட்ரூட் இல்ல" என்றார். எல்லா வயலிலும் பத்துக்கு ஒன்று இப்படி வெளுக்கும் என்று சொன்னேன். மறுபடியும் வயலுக்குப் போய் இன்னும் ஆறு செடியைப் பிடுங்கிப் பார்த்தேன். பிடுங்கியவற்றைத் திரும்பக் குழியிலேயே வைத்து மண் அணைத்துவிட்டு வந்தேன். எதற்காக அப்படிச் செய்தேன் என்று தெரியவில்லை.

நவம்பர் 27

அண்ணன் பைக்கில் வந்தார். எங்கள் வீட்டுக்கு அவர் வந்து ஒரு வருடத்துக்கு மேல் இருக்கும். காலிப் பாக்கெட்டுகளைத் திருப்பிக் கொடுத்தால் கம்பெனி ஆளுக்கொரு ஹாட்பாக்ஸ் தருகிறதாம். என்னுடையதைக் கொடுத்தேன், மற்றவர்கள் வீட்டுக்கும் கூட்டிப்போய் வாங்கிக் கொடுத்தேன். பாப்பாத்தி அக்கா மட்டும் வீட்டில் இல்லை.

காபி குடித்தார். வயல் வீட்டிலிருந்து கூப்பிடு தூரம்தான். போய்ப் பார்க்கவில்லை. அவருக்கு நேரமில்லை.

டிசம்பர் 29

அறுவடை. ஆறு பேர் வயலிலிருந்து முதல் லோடு ஏற்றிச் சந்தைக்குப் போனோம். மண்டிக்காரர் ஒரு மூட்டையைப் பிரித்து ஒரு கிழங்கை எடுத்துப் பார்த்தார். இதை மாட்டுக்கு வெட்டிப் போடுங்கள் என்று சொல்லி, அடுத்த வண்டியைப் பார்க்கப் போய்விட்டார். இன்னும் நான்கு மண்டியில் கேட்டோம். ஒருவர் சிரித்தார். பாப்பாத்தி அக்கா மூட்டைமேல் உட்கார்ந்தவர் மூன்று மணி வரை எழுந்திருக்கவே இல்லை.

எல்லாவற்றையும் திருப்பிக் கொண்டுவந்தோம்.

டிசம்பர் 31

குழுக் கூட்டம். வழக்கமாகத் தீர்மானம் எழுதுகிறவள் நான். இன்று என்னை நீக்கும் தீர்மானத்தை வேறொருத்தி எழுதினாள். அண்ணனும் தங்கச்சியும் சேர்ந்து ஊரை ஏமாற்றிவிட்டார்கள் என்று சரசாள் சொன்னாள். யாரும் மறுக்கவில்லை. பதிவேட்டையும் ரப்பர் ஸ்டாம்பையும் ஜமக்காளத்தின் மேல் வைத்துவிட்டு எழுந்து வந்தேன்.

வீட்டுக்கு வந்து மூன்று கம்பளியையும் துவைத்துப் போட்டேன். மார்கழி வெயிலில் கம்பளி காயாது என்பது துவைத்த பிறகுதான் நினைவுக்கு வந்தது.

ஜனவரி 6

பாப்பாத்தி அக்கா வந்தார். கையில் அந்தக் குச்சி. அதன் நுனியில் மழையிலும் வெயிலிலும் நைந்துபோன வெள்ளிநிறப் பாக்கெட். அண்ணன் வாங்கிப் போகாத ஒரே பாக்கெட்.

உள்ளே வரவில்லை. வாசலில் நின்றபடியே கேட்டார். "உன்ற அண்ணன்கிட்ட நீ ஏதாச்சும் வாங்குனியா, இல்லியா? ஒத்த வார்த்தை சொல்லு."

"இல்லீங்க்கா."

அவர் செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டார். பிறகு உள்ளே வந்து உட்கார்ந்தார்.

இருவரும் பாக்கெட்டை விரித்துப் படித்தோம். மேலே ஒரு பச்சை இலைப் படம். பெரிய ஆங்கில எழுத்தில் பீட் என்று போட்டிருக்கிறது, ரூட் இல்லை. அடியில் எறும்பளவு எழுத்தில் தமிழில் 'அக்காரக்கிழங்கு'. இந்தப் பெயரை நானும் கேட்டதில்லை, அவரும் கேட்டதில்லை. அக்கிரகாரத்தில் விளைகிற கிழங்கோ என்று வீட்டுக்காரர் கேட்டார். சந்தைக்குப் போய் வந்த பிறகு இன்றுதான் இந்த வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்டது.

போகும்போது அக்கா சொன்னார், கேஸ் போடலாம் என்று. சரி என்றேன். யார் மேல் என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

பிப்ரவரி 20

வக்கீல் ஹேமலதாவை மறுபடியும் பார்த்தோம். என்னைவிட வயதில் சின்னவர். எதையும் இரண்டு முறை கேட்கிறார். கிழங்கைத் தோட்டக்கலைக் கல்லூரிக்கு அனுப்பி அறிக்கை வாங்கியிருந்தார். இது சர்க்கரை ஆலைக்கென்று பயிரிடுகிற பீட்டாம். கரும்பைப் போல இதையும் பிழிந்து சர்க்கரை எடுப்பார்களாம். நம் பக்கத்தில் அப்படி ஓர் ஆலையே கிடையாது.

நோட்டீசுக்குக் கம்பெனி அனுப்பிய பதிலையும் வாசித்துக் காட்டினார். அக்காரம் என்றால் சர்க்கரை. ஆகவே அக்காரக்கிழங்கு என்றால் சர்க்கரைக்கிழங்கு. பாக்கெட்டில் அச்சிட்டதைத்தான் உள்ளே போட்டிருக்கிறோம். படிக்காமல் வாங்கியது வாடிக்கையாளரின் தவறு. அண்ணனும் தனியாக ஒரு பதில் அனுப்பியிருக்கிறார். அகராதியில் பீட்ரூட்டுக்கு அக்காரக்கிழங்கு என்றுதான் போட்டிருக்கிறது, அதை நம்பி விற்றேன், வேறெதுவும் எனக்குத் தெரியாது என்று. ஒரே சொல்லை இருவரும் ஆளுக்கொரு பக்கம் போர்த்திக்கொண்டிருக்கிறார்கள்.

இந்த நோட்டையும் வக்கீல் வாங்கிப் படித்தார். நவம்பர் 3, 9, 27 மூன்று பக்கத்திலும் விரல் வைத்தார். உங்கள் அண்ணன் எல்லாம் தெரிந்தே விற்றிருக்கிறார் என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டாம், கொடுக்கிறீர்களா என்று கேட்டார். இரண்டு நாளில் சொல்கிறேன் என்றேன்.

பிப்ரவரி 21

இந்த நோட்டின் தையல் கெட்டியாகத்தான் இருக்கிறது. நவம்பர் மூன்றாம் தேதித் தாளை இழுத்தால், அதோடு பிறந்த எதிர்த்தாளும் கூடவே வந்துவிடும். இழுத்தது வெளியே தெரியும்.

பிப்ரவரி 22

அண்ணன் வீட்டுக்குப் போனேன். சுற்றி வளைக்காமல் கேட்டேன். அவரும் மறைக்கவில்லை. விற்காமல் தேங்கிப்போன சரக்கைக் கம்பெனிக்காரன் அவர் தலையில் கட்டியிருக்கிறான். எடுத்தால்தான் மற்ற விதைகளும் வரும் என்றானாம். "தெரியாத ஆளுக எதுக்குன்னுதான் நம்ம சனத்துக்கே குடுத்தேன். நீ சண்டைக்கு வரமாட்டேன்னு நெனச்சேன்" என்றார்.

அந்தக் கடைசி வாக்கியத்தை வீடு வந்து சேரும்வரை பஸ்ஸில் திருப்பித் திருப்பிச் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தேன்.

அவர் கேட்டது இரண்டுதான். நோட்டைத் தொலைத்துவிட்டதாகச் சொல்ல வேண்டும். பாப்பாத்தி அக்காவின் பாக்கெட் வேறு கடையில் வாங்கியது என்று சொல்ல வேண்டும். கம்பெனி மேல் மட்டும் கேஸ் போட்டுக்கொள்ளலாம். அம்மா முந்தானையில் மூக்கைத் துடைத்துக்கொண்டே சொன்னார். "கடைக்குப் பூட்டு விழுந்தா நான் எங்க கண்ணு போவேன்?" என் வீட்டுக்கு வாருங்கள் என்றேன். அம்மாவுக்கு அது பதிலாகவே படவில்லை.

காபி ஆறிப்போய் ஆடை படிந்திருந்தது. குடிக்காமல் வந்தேன்.

பிப்ரவரி 23

நோட்டைக் கொடுத்துவிட்டேன். ஒரு தாளும் குறையவில்லை. அதை வைத்துக்கொண்டு, ஒவ்வொரு பக்கத்தின் நகலையும் எனக்குத் தந்தார்கள். இதிலிருந்து எழுதுவதெல்லாம் வேறு நோட்டில்.

மார்ச் 12

அத்தை மகன் கல்யாணம். பந்தியில் எனக்கு முன்னால் உட்கார்ந்தவர் வரை இலை போட்டார்கள். எனக்கு மட்டும் இலை தீர்ந்துவிட்டதாம். பக்கத்து வரிசையில் காலியாக இருந்த இலைமுன் போய் உட்கார்ந்து மூன்று முறை ரசம் கேட்டு வாங்கினேன்.

ஜூன் 9

வக்கீல் சொல்லி, நானும் பாப்பாத்தி அக்காவும் நான்கு நாளாக உழவர் சந்தையில் நிற்கிறோம். காய் வாங்க வருகிறவர்கள், விற்கிறவர்கள் எல்லோரிடமும் இரண்டு கேள்வி. ஒரு சிவப்புக் கிழங்கைக் காட்டி, இதற்கு என்ன பெயர்? அக்காரக்கிழங்கு என்றால் என்ன?

முதல் கேள்விக்கு எல்லோரும் பீட்ரூட் என்றார்கள். சிலர் பீட்டு என்றார்கள். சட்டியைக் கறையாக்கும் சனியன் என்றாள் ஒருத்தி. இரண்டாம் கேள்விக்குச் சேப்பங்கிழங்கா, பனங்கிழங்கா என்று எங்களையே திருப்பிக் கேட்டார்கள். பெருமாள் கோயில் மடைப்பள்ளியில் வேலை பார்ப்பவர் ஒருவர்தான் அக்காரவடிசில் தெரியும், கிழங்கு தெரியாது என்றார். ஓய்வு பெற்ற தமிழாசிரியர் ஒருவருக்குச் சொல் தெரிந்திருந்தது. நல்ல சொல், பழக்கத்துக்கு வந்திருந்தால் எனக்குச் சந்தோஷம், ஆனால் நானும் கடையில் பீட்ரூட் என்றுதான் கேட்கிறேன் என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார்.

இன்று நாங்கள் நிற்கிற இடத்துக்கே சரசாள் வந்தாள். பேனாவை வாங்கி அவளும் எழுதினாள். பீட்ரூட்.

ஆகஸ்ட் 2

ஆடிப் பதினெட்டு. பிறந்த வீட்டிலிருந்து அழைப்பு இல்லை. இட்லிக்கு ஊறப்போட்ட அரிசியை மறந்து, பொழுது சாயத்தான் ஆட்டினேன்.

நவம்பர் 18

நுகர்வோர் ஆணையத்தில் என்னை விசாரித்தார்கள். வாய்ச்சாட்சி எப்போதாவதுதான் கேட்பார்களாம். நோட்டு பொய்யாக எழுதப்பட்டது என்று கம்பெனி சொன்னதால் என்னைக் கூப்பிட்டார்கள். அண்ணன் இரண்டாம் வரிசையில் உட்கார்ந்திருந்தார். முடி நிறைய நரைத்திருக்கிறது. சாயம் பூசுவதை விட்டுவிட்டார் போல.

கம்பெனி வக்கீல் மரியாதையாகவே பேசினார். நோட்டை எப்போது எழுதினேன் என்று கேட்டார். அன்றன்றைக்கு எழுதினேன் என்றேன். அப்படியென்றால் நவம்பரிலேயே சந்தேகம் வந்திருக்கிறதே, ஏன் அப்போதே புகார் செய்யவில்லை என்றார்.

நோட்டிலேயே இருக்கிறது என்றேன். எங்கே என்றார். அண்ணனுக்கு நேரமில்லை, அண்ணன் சிக்கனக்காரர், கடையில் கூட்டம் என்று எழுதியிருக்கிறேனே, அதெல்லாம்தான் காரணம் என்றேன். அவர் குனிந்து ஏதோ குறித்துக்கொண்டார்.

அடுத்து தோட்டக்கலைக் கல்லூரியின் அறிக்கையை எடுத்தார். சிவப்பு பீட்ரூட், சர்க்கரை பீட், மாட்டுத் தீவன பீட் எல்லாம் தாவர இயலின்படி ஒரே இனம். வேறு வேறு செடிகள் அல்ல. ஒப்புக்கொள்கிறீர்களா என்றார். ஹேமலதா இதைப் பற்றி முன்பே எச்சரித்திருந்தார். ஒப்புக்கொண்டால், ஒரே செடியைத்தானே கொடுத்தோம் என்பார்கள். மறுத்தால், படித்தவர்கள் எழுதிய அறிக்கையை எதிர்க்கிறாள் என்பார்கள். தெரியவில்லை என்று சொல்லிவிடுங்கள், அதுதான் உத்தமம் என்றும் சொல்லியிருந்தார்.

ஆனால் எனக்குத்தான் தெரியுமே.

"ஒரே இனந்தானுங்க. நான் ஒத்துக்கறேன். அதோ உக்காந்திருக்காரே, அவரும் நானும் ஒரே வயித்துல பொறந்தவங்கதான். அதுக்காக அவரு செஞ்சதும் நான் செஞ்சதும் ஒண்ணாயிருமாங்க?"

கம்பெனி வக்கீல் அடுத்த தாளைப் புரட்டினார். நான் இன்னும் முடிக்கவில்லை என்று தலைவர் அம்மாவிடம் சொன்னேன். சொல்லுங்கள் என்றார்.

"அக்காரக்கிழங்குங்கறது நல்ல பேரா இருக்கலாமுங்க. எங்களுக்கு வெளங்கணும்னு நெனச்சு அந்தப் பேரப் போட்டிருந்தாங்கன்னா நானே ஊரெல்லாம் போய்ச் சொல்லிக் குடுத்திருப்பேன். இது எங்களுக்கு வெளங்கக் கூடாதுன்னு போட்ட பேருங்க. தமிழ்லயே எழுதி எங்ககிட்டயிருந்து ஒளிச்சுட்டாங்க."

தலைவர் அம்மா எழுதிக்கொண்டார். கம்பெனி வக்கீல் வேறு கேள்வி இல்லை என்றார்.

வெளியே வந்தால் படிக்கட்டில் அண்ணன் நின்றுகொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் கைபேசியை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டார். மணி அடித்த மாதிரி தெரியவில்லை. அவரைத் தாண்டித்தான் போக வேண்டியிருந்தது. தாண்டிப் போனேன். பேருந்து நிலையத்தில் பாப்பாத்தி அக்கா எனக்கு இளநீர் வாங்கித் தந்தார். ஒரே மூச்சில் குடிக்கப் போய்ப் பாதி புடவையில் கொட்டிவிட்டது.

மே 27

தீர்ப்பு வந்தது. கம்பெனியும் விற்றவரும் சேர்ந்து பன்னிரண்டு பேருக்கும் நஷ்டத்தை ஈடுகட்ட வேண்டும். இனிமேல் மக்கள் பேச்சுவழக்கில் சொல்லும் பெயரையும், கிழங்கின் படத்தையும் பாக்கெட்டின் முன்பக்கத்தில் பெரிதாக அச்சிட வேண்டும். அண்ணன் கடை உரிமத்தை ஒரு பருவத்துக்கு நிறுத்திவைக்க வேளாண்மைத் துறை தனியாக உத்தரவு போட்டிருக்கிறது.

தீர்ப்பில் என் பெயர் ஒன்பது இடத்தில் வருகிறது. கோகிலவாணி, கணவர் பெயர் தங்கராசு. எண்ணிப் பார்த்தேன் என்பதை மறைப்பானேன்.

பாப்பாத்தி அக்கா அழுதார். எனக்கு அழுகை வரவில்லை. வீட்டுக்காரர் கேசரி கிளறினார், அடி பிடித்துவிட்டது.

ஜூன் 15

குழுவிலிருந்து ஐந்து பேர் வீட்டுக்கு வந்தார்கள். மறுபடியும் தலைவியாக இருக்க வேண்டுமாம். பழையதையெல்லாம் மறந்துவிடலாம் என்றார்கள். மறக்க மாட்டேன் என்றேன். அன்று எந்த ஜமக்காளத்தில் உட்கார்ந்து சொன்னார்களோ அதே இடத்தில், அத்தனை பேர் முன்னாலும் அதைத் திருப்பி எடுத்துக்கொள்ள வேண்டும். தீர்மானப் புத்தகத்தில் எழுத வேண்டும். அதற்குப் பிறகு வருகிறேன் என்றேன். திமிர் பிடித்தவள் என்று சொல்லிக்கொண்டு போயிருப்பார்கள்.

ஜூன் 22

எழுதினார்கள். சரசாள்தான் எழுதினாள். எழுத்துப் பிழை இருந்தது, நான் திருத்தவில்லை. அவள் கையால் எழுதியது அப்படியே இருக்கட்டும்.

ஆகஸ்ட் 3

ஆடிப் பதினெட்டு. இந்த வருடமும் அழைப்பு வரவில்லை. போன வருடம் வாசலைப் பார்த்துக்கொண்டே நாளை ஓட்டினேன். இன்று காலை தலைக்குக் குளித்து, கல்யாணத்துக்கு எடுத்த அரக்குப் பட்டை உடுத்திக்கொண்டு பஸ் ஏறினேன். கூப்பிடாத வீட்டுக்குப் போய் அவமானப்படாதே என்றார் வீட்டுக்காரர். அது நான் பிறந்த வீடு, அங்கே யாரும் என்னைக் கூப்பிட வேண்டியதில்லை என்றேன்.

அம்மா கதவைத் திறந்து என்னைப் பார்த்துவிட்டு உள்ளே போனார். போய் எனக்கும் சேர்த்து அரிசியை அளந்து போட்டார். அண்ணி தலையை மட்டும் அசைத்தார். நான் கூடத்தில் உட்கார்ந்து தேங்காய் துருவினேன்.

அண்ணன் கோயிலிலிருந்து வந்தார். நிலைப்படியிலேயே நின்றுவிட்டார்.

"எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு வந்த?"

"கோர்ட்டுல வெச்சிருந்த அதே மூஞ்சிதானுங்கண்ணா."

அம்மா அடுக்களையில் பாத்திரத்தைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது. சொன்னதைத் திருப்பி எடுத்துக்கொள்ள வந்திருக்கிறாயா என்று கேட்டார் அண்ணன். இல்லை என்றேன். இன்னொரு முறை கூப்பிட்டுக் கேட்டாலும் அதையேதான் சொல்வேன், ஆனால் ஆடி நோன்பிக்கு இங்கேதான் வருவேன், வருடா வருடம் வருவேன், இரண்டையும் அவர் பழகிக்கொள்ள வேண்டும் என்றேன். அவர் செருப்பை மாட்டிக்கொண்டு திரும்ப வெளியே போய்விட்டார். எங்கள் இலைகளை எடுத்த பிறகுதான் வந்தார்.

நான் வயிறாரச் சாப்பிட்டேன். வெல்லக் கச்சாயம் இரண்டு.

மாலையில் வீட்டுக்குப் பின்னால் வேப்பமரத்தில் ஊஞ்சலாடத் தூரி கட்டியிருந்தார்கள். கயிறு புதுசு. தெருப் பெண்பிள்ளைகள் வரிசையில் நின்றார்கள். நானும் போய் வரிசையில் நின்றேன். நாற்பது வயதுக்காரி பட்டுப்புடவையோடு தூரிக்கு நிற்பதைப் பார்த்து அவர்களுக்குச் சிரிப்பு. என் முறை வந்ததும் பலகையில் ஏறி நின்று, கயிறு இரண்டையும் பிடித்துக்கொண்டு, காலை மடக்கி எம்பினேன். மூன்றாவது எம்பில் சுவர் தாண்டி ஓட்டுக்கூரை தெரிந்தது. ஐந்தாவதில் கொல்லைக் கதவருகே நின்று பார்த்துக்கொண்டிருந்த அண்ணன் தெரிந்தார். போதும் இறங்கு என்றும் சொல்லவில்லை, உள்ளேயும் போகவில்லை.

இன்னும் உயரமாகவே எம்பினேன்.